பார்த்தாச்சு

பதினொன்றே கால் மணிக்கு அங்கயற்கண்ணி அந்த இருபத்திரண்டு வரிகளை ஏழாவது தடவையாகப் படித்து முடித்தாள். தப்பு ஒன்றும் அகப்படவில்லை. தப்பு இல்லை என்று தெரிந்தால் ஒரு மனுஷிக்கு நிம்மதி வரவேண்டும். இவளுக்கு வயிறு எரிந்தது. வெறும் வயிற்றில் காபி குடித்ததால் என்று சொல்லிக்கொண்டாள். காலையில் நாலு இட்லி சாப்பிட்டது அவளுக்கே தெரியும். பொறாமைதான், வேறு பேர் தேட வேண்டியதில்லை. நாற்பத்தாறு வயதில், கோயம்புத்தூரில் தனியார் பஸ்களுக்கு டிக்கெட் மிஷின் செய்கிற இந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் நாற்காலியைத் தேய்த்தபிறகு, இரண்டு வருஷம் முன்னால் வந்த ஒருத்தியின் இருபத்திரண்டு வரியைப் பார்த்து வயிறெரிகிறது என்றால் வெளியில் சொல்ல முடியுமா? நாலு மணிக்குள் அந்த வரிகளின் கீழே அவள் ஒரே ஒரு வார்த்தை எழுத வேண்டும். பார்த்தாச்சு. இங்கே அதுதான் வழக்கம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்து அந்த வார்த்தையைப் போட்டால்தான் அது மிஷினுக்குள் போகும். அவள் போட்டால் அந்த ஷீபாவின் ஃபங்ஷன், புரோகிராமில் ஒரு வேலையைச் செய்கிற அந்தத் துண்டு, உள்ளே போகும், அங்கயற்கண்ணியுடையது வெளியே வரும். ஒரு இடத்தில் இரண்டு இடத்தில் இல்லை, ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று இடத்தில். எண்ணிப் பார்த்திருந்தாள். எண்ணாமல் இருந்திருக்கலாம்.

அப்படி என்ன பெரிய வேலை அது என்று கேட்டால், ஒன்றுமில்லை. ஒரு பெயரை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் பார்த்து எழுதுகிற வேலை. கண்டக்டர் பெயர், ஊர்ப் பெயர், பஸ் கம்பெனி பெயர், எல்லாம் மிஷினுக்குள் பெட்டி பெட்டியாக இருக்கும். சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு பெயருக்குத் தன் நீளம் தனக்கே தெரியாது. கடைசியில் ஒரு பூஜ்யம் வைத்திருப்பார்கள், அதைக் கண்டால் பெயர் முடிந்தது என்று அர்த்தம். இந்த ஆபீசில் அந்தப் பூஜ்யத்துக்குச் சுழி என்று பெயர். வைத்தவள் அங்கயற்கண்ணிதான். "பிள்ளையார் சுழி ஆரம்பத்துல, நம்ம சுழி கடைசில" என்று அவள் சொன்னதை வருகிறவர்களுக்கெல்லாம் மேலதிகாரி கனகசபாபதி சார் சொல்லிக் காட்டுவார். இப்போது ஷீபா சொல்லிக் காட்டுகிறாள், தான் கண்டுபிடித்த மாதிரி. இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது, அவள் "அக்கா சொன்னது" என்று சேர்த்துத்தான் சொல்கிறாள். அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இவள் எழுதிய ஃபங்ஷனுக்கு ஏகே_காப்பி என்று பெயர். எழுதியவரின் முன்னெழுத்தை முன்னால் போடுவது கம்பெனிப் பழக்கம். ஏகே என்றால் அங்கயற்கண்ணி. வீட்டுக்கு நேம் போர்டு வைக்காதவள், கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் வந்தவள், தமிழ்நாட்டில் ஓடுகிற பாதி மினி பஸ்ஸில் ஏதோ ஒரு கண்டக்டரின் இடுப்புப் பட்டையில் ஏகே என்று ஒளிந்துகொண்டு பன்னிரண்டு வருஷமாக ஊர் சுற்றுகிறாள். ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும், போதும். நாலு மணிக்கு ஒரு பட்டனைத் தட்டினால் அத்தனை ஏகேயும் எஸ்பி ஆகிவிடும். எஸ்பி என்றால் ஷீபா. எஸ்பி என்று போலீஸ் அதிகாரி மாதிரி என்ன ஒரு கெத்து.

அவளுடைய ஃபங்ஷனில் குறை இல்லாமல் இல்லை. அதை ஒப்புக்கொள்ள அவள் ஒருநாளும் தயங்கியதில்லை, மற்றவர்கள் சொல்லாதவரைக்கும். ஏகே_காப்பி சுழியைக் காணும்வரை எழுதிக்கொண்டே போகும். வாங்கிக்கொள்கிற பெட்டி எவ்வளவு பெரியது என்று கேட்காது. உலையில் அரிசி போடுகிறவள் பானையைப் பார்க்க வேண்டாமா? பார்க்கவில்லை. பெட்டி நிறைந்தாலும் நிற்காமல் பக்கத்து இடத்தின்மேல் எழுதும். பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்தில் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது, அவள் அதிர்ஷ்டம். போன ஆடியில் ஆறுமுகப்பாண்டியராஜன் என்று ஒரு கண்டக்டர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பெயர் பெட்டியையும் தாண்டி, சும்மா கிடந்த இடத்தையும் தாண்டி, ரூட் நம்பரின்மேல் போய் உட்கார்ந்தது. ஆடி அமாவாசைக் கூட்டம், பஸ்ஸில் நிற்க இடமில்லை, மிஷின் செத்துப்போனது. அந்த மனுஷன் இரண்டு நாள் கையால் டிக்கெட் கிழித்தார். கனகசபாபதி சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "விடுங்க மேடம், ஆனைக்கும் அடி சறுக்குமுங்க" என்றார். ஆனை என்றது சந்தோஷம். மேடம் என்றதுதான் உறுத்தியது. பதினெட்டு வருஷமாக அம்மிணி என்று கூப்பிட்டவர். அடுத்த வாரமே, "அம்மிணி, நீயொரு காப்பி ஃபங்ஷன் எழுது, எத்தனை பெரிய பேரு வந்தாலும் பெட்டியத் தாண்டக்கூடாது" என்று ஷீபாவிடம் சொன்னது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது. அம்மிணி என்பது என்ன பட்டமா, ஒருத்தியிடமிருந்து கழற்றி இன்னொருத்திக்கு மாட்டுவதற்கு? கொங்குநாட்டில் தெருவுக்குத் தெரு அம்மிணிதான், மதுரைக்காரி தனக்கு அதில் என்ன பங்கு என்று கேட்டுக்கொண்டாள். கேட்டும் ஆறவில்லை.

ஏன் பானையைப் பார்க்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். மறந்து விட்டதல்ல அது. பெட்டியில் கொள்ளாவிட்டால் பெயரை வெட்டு என்று ஒரு வரி எழுதத்தான் உட்கார்ந்தாள் பன்னிரண்டு வருஷம் முன்னால், எழுதக் கை வரவில்லை. மதுரையில் ஆறாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டுக் கட்டத்துக்குள் அவள் பெயர் அடங்கவில்லை என்று டீச்சர் அங்கு என்று எழுதி ஒரு புள்ளி வைத்துவிட்டார். அன்றிலிருந்து அங்கு. "அங்கு எங்க இருக்கா? இங்கு இருக்கா" என்று ஒரு வகுப்பே நாலு வருஷம் சிரித்தது. அம்மனின் பெயரை வைத்துவிட்டு இப்படி ஆக்கிவிட்டார்களே என்று அம்மாவிடம் அழுதால், "கட்டம் சின்னது, டீச்சர் என்னடி பண்ணுவா" என்றாள் அம்மா. பெயரை வெட்டக்கூடாது, கட்டத்தைப் பெரிசாக்கத் தெரியாதவர்கள் கட்டமே போடக்கூடாது என்று பதினோரு வயதில் தோன்றியது முப்பத்துநாலு வயதில் விரல் நுனியில் வந்து நின்றது. அதனால்தான் ஏகே_காப்பி யாரையும் வெட்டாது. முழுப்பெயரையும் எழுதும், எது அழிந்தாலும் எழுதும். ஷீபாவுடையது வெட்டும். ஆனால் ஒழுங்காக வெட்டும், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெட்டி எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்கிறது. சுழிக்கு ஒரு இடம் மிச்சம் வைக்கிறது. மிச்சத்தில் மட்டும் எழுதிச் சுழியைப் போட்டு மூடுகிறது. அதோடு விடாமல், முழுப்பெயர் உண்மையில் எவ்வளவு நீளம் என்று திரும்பி வந்து சொல்லவும் செய்கிறது, வெட்டு விழுந்ததா என்று கூப்பிட்டவர் தெரிந்துகொள்ளட்டும் என்று. எட்டாவது தடவை படித்தாள். சி மொழியோடு வருகிற பழைய ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது, அளவு கேட்கும், அளவோடு நிற்கும், ஆனால் பெயர் பெட்டிக்குச் சரியாக இருந்துவிட்டால் சுழி போடாமல் எழுந்து போய்விடும். பத்திரமென்று நம்பி எத்தனையோ பேர் அதில் விழுந்திருக்கிறார்கள். ஷீபாவும் விழுந்திருப்பாள் என்று ஆசையாக அந்த வரிக்குப் போனாள். விழவில்லை. பெட்டியின் அளவு பூஜ்யமாக இருந்தால்? அதற்கும் ஒரு வரி. பெட்டியே இல்லாமல் கூப்பிட்டால்? அதற்கும். கோலம் போட்ட மாதிரி ஒரு புள்ளி விடாமல் சுற்றி வந்திருந்தாள். நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள், பக்கத்தில் யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்தாள்.

ஒரு மணிக்கு ஷீபாவே வந்து கூப்பிட்டாள். நாகர்கோவிலிலிருந்து பெங்களூர் போய் அங்கிருந்து இங்கே வந்தவள், நாற்பதை எட்டப்போகிறவள், ஒரு நரைகூட மறைக்காமல் கொண்டையில் விட்டிருக்கிறாள், அதுவும் அழகாக இருந்து தொலைக்கிறது. "அக்கா, இன்னைக்கு மரச்சீனியும் மீன் கறியும், வாங்க." அங்கயற்கண்ணி டப்பாவில் தயிர்சாதம். மரச்சீனிக் கிழங்கை மூடியில் எடுத்து வைத்தாள் ஷீபா, கறியை நடுவில் குழி பண்ணி ஊற்றினாள். ருசியாக இருந்தது. எதைத் தொட்டாலும் இவளுக்கு ருசியாகத்தான் வரும் போலிருக்கிறது. "பாத்தியளாக்கா ஃபங்ஷனை?" "பாத்துக்கிட்டு இருக்கேன்." "மெதுவா பாருங்க. சார் பாத்தாலும் எனக்கு நம்பிக்கை இல்ல. உங்களுக்க கண்ணு ஒண்ணு பட்டாப் போதும்." அங்கயற்கண்ணி ஒரு மீன்முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். அவள் சொன்னது உங்கள் பார்வை பட்டால் போதும் என்றுதான். வேறு எந்த அர்த்தமும் அந்த முகத்தில் இல்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று ஏன் அந்த நேரத்தில் ஞாபகம் வரவேண்டும்? கனகசபாபதி சார் டிபன் பாக்ஸோடு அந்தப் பக்கம் போனார். "அம்மிணி, நாலு மணிக்கு ரெடிங்களா? பொன்னு கெடச்சாலும் புதன் கெடைக்காதும்பாங்க, இன்னைக்கே அனுப்பிப்போடலாம்." பிறகு இவளைப் பார்த்து, "மேடம் பாத்துட்டாங்கன்னா முடிஞ்சுதுங்க." ஷீபாவின் தலைக்குமேல் சுவரில் வரிசையாகச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு தடவை புது மென்பொருள் போகும்போதும் முதல் டிக்கெட்டை அடித்து அந்தச் சுவரில் ஒட்டுவார்கள். அதில் எழுதியவர் பெயர் ஓட்டுநர் என்ற இடத்திலும், பார்த்தவர் பெயர் நடத்துநர் என்ற இடத்திலும் வரும். எழுதியவர் ஓட்ட வேண்டும், பார்த்தவர் விசில் கொடுக்க வேண்டும் என்று சார் வைத்த சட்டம். பழைய சீட்டுகள் மங்கி மஞ்சளாகிவிட்டன. மேல்வரிசை முழுக்க ஓட்டுநர் அங்கயற்கண்ணி. இன்றைக்கு ஒட்டப்போவதில் ஷீபா ஓட்டுவாள், இவள் விசில் ஊதுவாள். மிச்சக் கிழங்கை மூடியோடு தள்ளி வைத்தாள்.

இரண்டு மணி. இப்போது ஃபங்ஷனை விட்டுவிட்டு, ஷீபா அதைச் சோதித்துப் பார்த்த கோப்பைத் திறந்தாள். யாரும் திறக்கச் சொல்லவில்லை. தோற்றவர்கள் வீட்டுக்குப் போகாமல் மைதானத்தில் சும்மா நடப்பார்களே, அப்படித்தான் திறந்தாள். சூலூர், உக்கடம், பேரூர், அன்னூர். சின்னச் சின்னப் பெயராக முப்பது. எல்லாம் சரி. பிறகு நீளமான பெயருக்குச் சோதனை. நாற்பது எழுத்து. என்ன நாற்பது? ஆங்கில ஏ. ஏஏஏஏஏ என்று பல் டாக்டரிடம் வாயைத் திறந்த மாதிரி வரிசையாக நாற்பது. பெட்டியின் அளவு முப்பத்திரண்டு, வெட்டு முப்பத்தொன்றில், சுழி கடைசியில், சரி என்று பச்சை விளக்கு. அங்கயற்கண்ணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆங்கில ஏ ஒன்றுக்கு ஒரு இடம், எங்கே வெட்டினாலும் முழு எழுத்தாகத்தான் விழும். தமிழுக்கு அப்படியா? ஒரு க எழுத மூன்று இடம். மேலே வைக்கிற புள்ளிக்குத் தனியாக மூன்று. கொம்புக்கு மூன்று, காலுக்கு மூன்று, சுழித்துவிடுகிற கொக்கிக்கு மூன்று. முப்பத்தொரு இடத்தில் பத்து குறிகள் போக ஒன்று மிஞ்சும். அந்த ஒரு இடத்தில் பதினோராவது குறியின் மூன்றில் ஒரு பங்கு போய் உட்காரும், அது எழுத்தும் இல்லை ஒன்றும் இல்லை, பிரிண்டர் அதை ஒரு காலிக் கட்டமாக அடிக்கும். வெட்டு எழுத்தின் நடுவில் விழுகிறது! கோலத்தில் புள்ளி விட்டுப்போயிருக்கிறது! பெங்களூரில் பத்து வருஷம் ஆங்கிலப் பெயர்களை நகல் எடுத்தவள், தமிழை மறந்து ஏ போட்டிருக்கிறாள். இப்படி ஒரு சந்தோஷம் கடைசியாக எப்போது வந்தது என்று நினைத்துப் பார்த்தால் ஞாபகம் வரவில்லை. மகன் கல்லூரியில் இடம் கிடைத்து வந்த அன்று வந்தது, ஆனால் அதில் கொஞ்சம் கவலை கலந்திருந்தது. இதில் கலப்படமே இல்லை.

விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். பழனிச்சாமி பத்துக் குறி, தப்பித்தார். கருப்பசாமியும் பத்து, மயிரிழை. பொன்னுச்சாமி? பொன்னுச்சா என்று நிற்பார், அதற்கப்புறம் ஒரு கட்டம். பாலகிருஷ்ணன் மரியாதை போய் பாலகிருஷ்ண ஆவார். முத்துக்குமார் முத்துக்கு என்று ஆவார்; முத்துக்கு என்ன, முத்துக்கு யார் என்று பாசஞ்சர்கள் கேட்பார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆறுமுகப்பாண்டியராஜன், அந்தப் பாவப்பட்ட மனுஷன், ஆறுமுகப்பா என்று சின்னக் குழந்தை கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடுவார். நாளைக் காலையில் ஐந்து மணிக்கு முதல் பஸ் கிளம்பும்போது மூவாயிரம் மிஷினிலும் இப்படிச் சீட்டு வரும். ஆறு மணிக்குப் போன் வர ஆரம்பிக்கும். ஏழு மணிக்கு சார் வருவார், சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு. யார் எழுதினது? எஸ்பி. அவர் அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஷீபாவிடம், "விடுங்க மேடம்" என்பார். மேடம்! அந்த ஒரு வார்த்தையைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று இருந்தது. அப்போது இவள் எழுந்து போய், தமிழ் எழுத்தின் நடுவில் வெட்டக்கூடாது, பின்னால் நடந்து வந்து முழு எழுத்தில் நிறுத்த வேண்டும் என்று நாலே வரியில் சரிசெய்து கொடுப்பாள். அந்த நாலு வரி இப்போதே மனசில் எழுதியாகிவிட்டது. நல்ல வரிகள். இப்போதே சொன்னால்? சொன்னால் ஷீபா, "அய்யோ ஆமாக்கா" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு அந்த நாலு வரியைச் சேர்த்துக்கொள்வாள். அது எஸ்பி_காப்பிக்குள் போகும். இவள் எழுதியது அவள் பெயரில் ஊர் சுற்றும். கல்யாணம் ஒருத்திக்கு, கழுத்துச் சங்கிலி இரவல் கொடுத்தவள் இன்னொருத்தி. அதெல்லாம் முடியாது. பார்த்தாச்சு என்றால் ஃபங்ஷனைப் பார்த்தாச்சு என்றுதானே? சோதனைக் கோப்பைப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. ஃபங்ஷன் சொன்னதைச் செய்கிறது, பெட்டியைத் தாண்டவில்லை, மிஷின் சாகாது. பெயர் கொஞ்சம் குறையும், உயிரா போகும்? கட்டம் சின்னது, டீச்சர் என்ன பண்ணுவாள். அம்மாவின் குரல் அது என்று தெரிந்ததும் கை ஒரு கணம் கூசியது. அது மட்டுமா, இன்னொன்றும் கூடவே வந்தது. சுப்பிரமணியத்துக்குப் பதிமூன்று குறி, சுழியோடு நாற்பது இடம். இவளுடைய ஏகே_காப்பி பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு சுப்பிரமணியத்துக்கும் எட்டு இடம் வேலி தாண்டி எழுதிக்கொண்டிருந்திருக்கிறது, பக்கத்தில் ஆள் இல்லாததால் யாரும் கத்தவில்லை. ஆக இவள் தப்புக்குப் பன்னிரண்டு வருஷம் மரியாதை, அவள் தப்புக்கு ஒருநாள்கூட ஆயுள் இருக்கக்கூடாது. நியாயம் இல்லைதான். நியாயத்துக்கு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் இங்கே? மூன்று பத்துக்கு அந்த வரிகளின் கீழே பார்த்தாச்சு என்று அடித்தாள். ஆறு எழுத்து ஓடியும் போய்விட்டது, ச்சுவை மட்டும் ஒருமுறை தப்பாக அடித்துத் திருத்தினாள்.

அடித்த பிறகுதான் ஆரம்பித்தது. அழித்துவிடலாம். நாலு மணி வரைக்கும் அழித்துவிடலாம், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்று இருபதுக்கு ஷீபா இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள், பார்த்திருந்தாள். "பாத்தாச்சுன்னு போட்டுட்டியளே! இவ்வளவு நேரம் எனக்க நெஞ்சு திக்குதிக்குன்னு இருந்துச்சுக்கா." டம்ளரை வைத்தவள் போகாமல் மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்றாள். "ஒண்ணும் சொல்லாம விட்டுட்டியளே. ஏதாவது ஒண்ணு சொல்வீங்கன்னு நெனச்சேன்." சொல்லிவிடலாம். வாயெடுத்தாள். ஒரு விஷயம் ஷீபா, அந்த நாற்பது ஏ இருக்கே, என்று அவ்வளவுதான், மிச்சத்தை அவளே பிடித்துக்கொள்வாள், புத்திசாலி. டீயில் இஞ்சி சரியான அளவில் இருந்தது. "இனி நீங்க நிம்மதியா இருக்கலாங்க்கா," என்றாள் ஷீபா, "ராத்திரி போன் வருமோன்னு பயப்படாண்டாம்." நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் போன் வந்தது, அது உனக்கு யார் சொன்னார்கள், என் தூக்கத்தைப் பற்றி உனக்கென்ன என்று உள்ளே ஒன்று சீறியது. எடுத்த வாயை டம்ளரில் வைத்துக்கொண்டாள். "நல்லா எழுதியிருக்க" என்றாள். அது பொய்யில்லை. ஷீபாவுக்குக் காதுவரை சிவந்துவிட்டது, அத்தனை சந்தோஷம். அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மூன்று நாற்பது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மினி பஸ் திரும்பியது, படியில் ஒரு கண்டக்டர் தொங்கினார். அவர் பெயர் எத்தனை குறியோ. மூன்று ஐம்பது. அழித்துவிடலாம் என்பது இன்னும் மிச்சம் இருந்தது, பத்து நிமிஷம் அகலத்துக்கு. அந்தப் பத்து நிமிஷமும் அவள் மேஜையில் இருந்த டீக்கறையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு எல்லோரும் சோதனை மேஜையைச் சுற்றி நின்றார்கள், மொத்தமே ஆறு பேர். சார் மிஷின்மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். ஷீபா பட்டனைத் தட்டினாள். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று மாற்றப்பட்டது என்று திரையில் வந்தது, எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. அங்கயற்கண்ணிக்கு எங்கும் வலிக்கவில்லை, அதுதான் ஆச்சரியமாக இருந்தது. ஷீபா செல்லோ டேப்பை விரலில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். சார் ஓட்டுநர் பெயரை அடித்தார், நடத்துநர் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார், அச்சு பட்டனை அமுக்கினார். அப்போதுதான், சீட்டு கிறுகிறுவென்று தலையை நீட்டிக்கொண்டிருந்தபோதுதான், மத்தியானம் முழுக்க ஊரில் உள்ள கண்டக்டர் பெயரையெல்லாம் விரல்விட்டு எண்ணியவள் ஒரே ஒரு பெயரை எண்ண மறந்தது அவளுக்கு உறைத்தது. பன்னிரண்டு குறி. சார் சீட்டைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தார். "ஓட்டுநர், ஷீபா. நடத்துநர்... இதென்னங்க இது?" சீட்டு கை மாறி அவளிடம் வந்தது. அங்கயற்கண். அதோடு நின்றிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். அம்மன் போய்விட்டாள், பெயரின் கடைசியில் ஒரு கண் மட்டும் திறந்து இருந்தது.

ஷீபாவுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. "அய்யோ! தமிழு மூணு மூணுல்லா போகும்... நான் ஏ போட்டுல்லா டெஸ்ட் பண்ணினேன்!" நெற்றியில் அடித்துக்கொண்டாள், அங்கயற்கண்ணி நினைத்த மாதிரியே. "சார், எனக்க தப்பு. அக்காவுக்கு நான் டெஸ்ட்டக் காட்டவே இல்ல. அவங்க ஃபங்ஷன மட்டுந்தான் பாத்தாங்க." சார் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் உருட்டினார். கோபம் வரவில்லை, பெருமூச்சுதான் வந்தது. "பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னால தெரிஞ்சுதே, அதச் சொல்லுங்க. உம்பட பேரு சின்னது, எம்பட பேர அடிச்சிருந்தாலும் முழுசா வந்து ஒருத்தனும் கவனிச்சிருக்க மாட்டான். இந்த அம்மிணி பேரு காப்பாத்திப்போடுச்சு பாருங்க." அம்மிணி. அவளைப் பார்த்துத்தான் சொன்னார், சிரித்தபடி. எத்தனை மாதமாகக் காத்திருந்த வார்த்தை, வந்து மேஜையில் விழுந்து கிடந்தது, குனிந்து எடுத்துக்கொண்டால் போதும். ஷீபா கதவைத் திறந்து வைத்திருந்தாள், சார் உள்ளே வா என்கிறார். சும்மா நின்றாலே போதும். சீட்டு உள்ளங்கை வேர்வையில் நமுத்தது. "பார்த்தேன் சார்" என்றாள் அங்கயற்கண்ணி. "எதுங்க?" "டெஸ்ட்டையும் பார்த்தேன். அந்த நாப்பது ஏயையும் பார்த்தேன். ரெண்டு மணிக்கே பார்த்தாச்சு. பார்த்துட்டுத்தான் போட்டேன்." சொல்லும்போது அவள் சாரைப் பார்க்கவில்லை, ஷீபாவைத்தான் பார்த்தாள். ஷீபா விரலில் மாட்டியிருந்த டேப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.